சுங்கக் கொட்டகையில் ஆறு கண்கள்

என் அப்பா என்னோடு பேசும்போது என் இடது தோளைப் பார்த்துப் பேசுவார். அங்கே ஏதோ பல்லி உட்கார்ந்திருப்பது போல. ஒன்பது வயதில் அம்மை வந்து என் இடது கண்ணைக் கொண்டுபோனதிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். அம்மா என்னைப் பார்த்து அழுவாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள், தெருப் பிள்ளைகள் ‘ஒத்தக்கண்ணி’ என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அதெல்லாம் இரண்டொரு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. அப்பாவின் பார்வை மட்டும் பழகவே இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்டதை வாங்கிக் கொடுத்தார். பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்கவைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

அவர் கடற்கரைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் தலைமை எழுத்தராக இருந்தார். கப்பலில் வரும் சரக்குக்கு உரிய காகிதங்களை எழுதி, கஸ்டம்ஸில் காட்டி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பிரெஞ்சுக்காரன் இருந்தவரை அது பெரிய வேலையே இல்லை. வரி என்பது பெயருக்குத்தான். கப்பல் தூரத்தில் கடலிலேயே நிற்கும், படகுகள் போய்ச் சரக்கை இறக்கி அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும், ஒரு காகிதத்தில் ஒரு முத்திரை விழும், மறுநாள் அந்தச் சரக்கு கடைத்தெருவில் இருக்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் கதை மாறியது. மதராஸிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். எதைக் கொண்டுவருவதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, அதனால் வேண்டாத பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது, எது வேண்டாத பொருள் என்பதை ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் சொல்லும். ஊரே அந்தப் புத்தகத்தைத் திட்டியது. அப்பா அதை மனப்பாடம் செய்தார். கல்யாணமான புதிதில்கூட மனுஷன் இவ்வளவு ஆசையாக என்னைப் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் அது உண்மை.

சாப்பிட உட்கார்ந்தால் சுங்கக் கொட்டகைக் கதைதான். மற்ற வீடுகளில் சினிமாக் கதை பேசுவதுபோல எங்கள் வீட்டில் சரக்கு தேங்கின கதை. ஒரு மில்லுக்கு வந்த பல்சக்கரம், உதிரி உறுப்பா முழு இயந்திரமா என்ற வழக்கில் நாலு மாதம் மணலில் கிடந்தது. அந்த ஒரு சக்கரத்துக்காகக் காத்திருந்து, பாதித் தொழிலாளிகள் ரிக்‌ஷா இழுக்கப் போய்விட்டார்கள். சிமெண்டு மூட்டைகள் மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் இருந்து கல்லாக இறுகிப்போயின. அப்புறம் அவற்றை அப்படியே அடுக்கி அலைக்குத் தடுப்புப் போட்டார்கள். ஒரு டாக்டருக்கு வந்த ஊசிமருந்து வெயிலில் நிறம் மாறியது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் சொல்லும்போது அப்பாவின் குரலில் வருத்தம் இருக்காது. யாருடைய மனுவில் என்ன பிழை, எந்தப் பத்தியின்படி அது பிழை என்று விளக்குவார். கடைசியில் மோரைக் குடித்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார்.

“காயிதம் சரியா இருந்தா சரக்கு ஏன் நிக்குது?”

எனக்குப் பத்தொன்பது வயது ஆனபோது, கொடி மாறி மூன்றாம் வருஷம், ப்ரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறினேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் சின்னக் குழந்தைகள் வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தலைவியான மதர் என் மதிப்பெண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிரெஞ்சில் பேசச் சொன்னார், பாடச் சொன்னார், பாடினேன். பிறகு என் தலையில் கையை வைத்து, வெல்லம் போன்ற குரலில் சொன்னார்.

“உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இதுங்க சின்னக் குழந்தைங்க. ஒண்ணு உன்னைப் பாத்து அழுதா வகுப்பே அழும். அந்தக் கண்ணுக்கு ஏதாவது செஞ்சுக்கிட்டு வா. கோடை லீவு முடிஞ்சு பள்ளி தெறக்கிற அன்னிக்கு வரைக்கும் இந்த வேலைய உனக்கு வெச்சிருப்பேன். அதுக்கு மேல முடியாது.”

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். அம்மா எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். ரெட்டியார்பாளையத்தில் மரக்கடை வைத்திருந்தவர், வயது நாற்பத்தைந்துக்கு மேல், மனைவி செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மூன்று பிள்ளைகள். பெண் பார்க்க வந்தவர் என்னைப் பாடச் சொல்லவில்லை. கிணற்றடியில் இருந்த குடத்தைக் காட்டித் தூக்கச் சொன்னார். தூக்கினேன். “தேவலாம்” என்றார். என் எதிரிலேயே அம்மாவிடம், “ஒரு கண்ணு இருக்குதில்ல, பிள்ளைங்களப் பாத்துக்க அது போதும்” என்றார். அந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டுவதைவிடக் கடலில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை நிறுத்திவிடுவதாக அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். கிடைக்காவிட்டால் ஆவணியில் தாலி.

பிரான்ஸில் பட்டாளத்தில் இருந்த சித்தப்பாவுக்கு, அங்கே பொய்க்கண் கிடைக்குமா என்று கேட்டு எழுதினேன். கூடவே என் நல்ல கண்ணின் நிறத்தை என்னால் முடிந்தவரை விவரித்தேன். உடனே பதில் வந்தது. கண்ணாடியில் கண் செய்கிற தொழிலாளிகள் அங்கே இருக்கிறார்கள். ஆளை நேரில் பார்க்காமல் ஒரே ஒரு கண்ணை அனுப்ப மாட்டார்கள். கறுப்பிலிருந்து தேன் நிறம் வரைக்கும் ஆறு கண்களை ஒரு பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ‘ஒரு வாரத்தில் தபாலில் போட்டுவிடட்டுமா?’ என்று சித்தப்பா கேட்டிருந்தார்.

நான் போடச் சொல்லி எழுதியிருப்பேன். அப்பா விடவில்லை.

“தபால்ல வந்தா எவன் கையில மாட்டும்னு யாருக்குத் தெரியும்? கப்பல்ல வரட்டும். நம்ம காயிதத்துல வரட்டும். எம் பொண்ணு சரக்க நான் எடுக்க மாட்டனா?”

அவருக்கு அவ்வளவு உற்சாகம் வந்து நான் பார்த்ததில்லை. சிவப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். வியாபாரிக்கு ஒரு வழி இருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்கு ஒரு வழி இருக்கிறதாம். இரண்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தன் சொந்தத் தேவைக்குத் தானே வரவழைத்துக்கொள்கிற ஆள் என்று ஒரு பிரிவைக் கண்டுபிடித்தார். அதற்கு ‘உண்மையான உபயோகஸ்தர்’ என்று பெயர். அந்த வழியில் போனால் ஒருவனும் கேள்வி கேட்க முடியாது என்று தொடையைத் தட்டிக்கொண்டார். மனுவில் என்னை அப்படித்தான் எழுதினார். மகள் என்று எங்கேயும் எழுதவில்லை, அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

மாசி மாதக் கப்பலில் பெட்டி வந்து இறங்கியது. டிபன் கேரியரைவிடச் சின்னப் பெட்டி. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும் என்று நான் நிலைக்கண்ணாடியைத் துடைத்து வைத்தேன்.

கஸ்டம்ஸிலிருந்து முதல் கேள்வி பங்குனியில் வந்தது. இது கண்ணாடிச் சாமானா? ஆடம்பரக் கண்ணாடிச் சாமானுக்கு அனுமதி இல்லை. அப்பா பதில் எழுதினார். இரண்டாவது கேள்வி அதற்கு இரண்டு வாரம் கழித்து. இவை பொம்மைக்கு வைக்கிற கண்களாக இருக்கலாம் அல்லவா? பொம்மையும் பொம்மையின் உறுப்புகளும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். எனக்கு உண்மையிலேயே கண் இல்லை என்பதற்கு டாக்டரிடம் சான்று வாங்கிக் கொடுத்தோம். டாக்டர் பழைய பழக்கத்தில் பிரெஞ்சில் எழுதிவிட்டார். இங்கிலீஷில் வேண்டும் என்று சித்திரையில் திரும்பி வந்தது. அதற்குள் டாக்டர் லீவில் போய்விட்டார். வைகாசி பிறந்து அவர் வந்து எழுதிக் கொடுத்ததும் நாலாவது கேள்வி. இந்தப் பெண்ணுக்கு ஒரு கண் இல்லை என்று சான்று சொல்கிறது. ஆறு கண்கள் வேண்டும் என்று அது சொல்லவில்லையே?

அந்தக் கடிதத்தோடு அப்பா வீட்டுக்கு வந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் படித்துக் காட்டினார்.

“கேக்குறான் பாரு கேள்வி! புதுசா வந்திருக்கிற அப்ரைசர், சின்னப் பையன்தான். ஆனா மூளை இருக்குது. நானா இருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பேன்.”

“பள்ளி தெறக்க எட்டு நாள்தான் இருக்குதுப்பா” என்றேன்.

“அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? கேள்வி நியாயமான கேள்வி.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டேன். அப்பா குனிந்து எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஓரமாக வைத்தார்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது. உண்மையான உபயோகஸ்தர் நேரில் வர வேண்டும், அதிகாரி பார்த்துச் சரிபார்த்த பிறகே சரக்கு விடப்படும். அப்பாவுக்கு அது வெற்றி. தான் எழுதிய பிரிவை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது அதற்கு அர்த்தமாம். “நல்ல தாவணியா கட்டிக்கிட்டு வா” என்றார்.

கொட்டகை கடற்கரையில் தகரம் போட்ட ஒரு நீளமான இடம். கருவாடும் தாரும் கலந்த வாடை. சரக்கு இறக்குவதற்காகக் கட்டி, புயலில் உடைந்துபோன பழைய பாலத்தின் தூண்கள் கடலில் மொட்டையாக நின்றன. அன்று கப்பல் எதுவும் இல்லாததால் படகுக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் நிழலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள், இருபது முப்பது பேர் இருக்கும். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் நுழைந்ததும் எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்ரைசர் என்றால் சரக்கை மதிப்பிடுகிற அதிகாரி. இவர் என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர், வெள்ளைச் சட்டை, மரியாதையான ஆள். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். “மன்னிக்கணும், ரூல் அப்படி இருக்கு” என்றார். பிறகு மூடியிருந்த என் இடது இமையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

பத்து வருஷமாக, டாக்டரைத் தவிர, நான் யாருக்கும் அதைக் காட்டியதில்லை. அம்மாவுக்குக்கூட இல்லை. இரண்டு விரலால் இமையைத் தூக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். பின்னால் ஒருவன் நன்றாகப் பார்ப்பதற்காக மூட்டைமேல் ஏறி நின்றான். “அய்ய, உள்ள ஒண்ணுமே இல்லடா” என்றான். இன்னொருவன் சிரித்தான். அதிகாரி அவர்களை அதட்டிவிட்டு, ‘இடது கண் இல்லை, நேரில் பார்த்தேன்’ என்று எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் இமையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

“இவங்கதானே உபயோகஸ்தர்?” என்று அப்பாவைக் கேட்டார்.

“ஆமா சார், இவங்கதான்” என்றார் அப்பா, படிவத்தைப் பார்த்தபடி.

பெட்டியைத் திறந்தார்கள். பஞ்சில் ஆறு கண்கள் வரிசையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாவது கண் என்னுடையது. கிட்டத்தட்டக் கறுப்பு, நடுவில் கருமணியைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு காப்பி நிற வளையம். இத்தனை வருஷமும் நிலைக்கண்ணாடியில் நான் ஒரே ஒரு கண்ணைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் கொடுத்தாலும் அதைக் கண்டுபிடித்திருப்பேன்.

“ஒரு உபயோகஸ்தருக்கு ஒரு கண்தான் அனுமதிக்க முடியும்” என்றார் அதிகாரி. “மத்த அஞ்சும் தேவைக்கு மேல வந்த சரக்கு. பறிமுதல்.”

“சரி சார். நியாயம்தான்” என்றார் அப்பா.

“ஒரு தடவை போட்டுப் பாத்துக்கலாமா?” என்று கேட்டேன். கைப்பையில் சின்னக் கண்ணாடி கொண்டுவந்திருந்தேன்.

அதிகாரி பதில் சொல்லுமுன் அப்பா முந்திக்கொண்டார். “போட்டுப் பாத்தா அது பழைய சரக்கா ஆயிடும்மா. அப்புறம் எண்ணிக்கைல அதத் திருப்பி வைக்க முடியாது. சார் கிட்ட அப்பிடிலாம் கேக்கக் கூடாது.” பிறகு முன்னால் வந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, கண்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விளக்குக் கூண்டும் ஒயின் கிளாஸும் அத்தர் புட்டியும் வந்தபோதெல்லாம் அப்படித்தான் பிடித்துப் பார்த்திருப்பார். முப்பது வருஷப் பழக்கம். சரக்கில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம்.

“மூணாவதுல உள்ள குமிழி இருக்குது. அஞ்சாவது ஓரம் சொரசொரன்னு இருக்குது.” நாலாவதை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெள்ளைல செவப்பு நரம்புக் கோடு போட்டிருக்கான் பாருங்க, கொஞ்சம் கலைஞ்சிருக்குது” என்று பஞ்சில் வைத்துவிட்டு ஆறாவதை எடுத்தார். அது நல்ல தேன் நிறம். வெள்ளைக்காரப் பெண்ணின் கண். வெயில் பட்டதும் பளபளவென்று இருந்தது. “இதான் சார். ஃபர்ஸ்ட் கிளாஸ் சரக்கு. ஒரு குறை கெடையாது.”

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், அந்தக் கண்ணைப் பார்த்தார். “மகளோட கண்ணோட ஒத்துப் பாத்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“எம் பொண்ணு சார். எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“அப்பா, அது இல்லப்பா. நாலாவது.”

“நாலாவதுல குறை இருக்குதும்மா.”

“நெறத்தப் பாருப்பா. என் கண்ணப் பாரு. ஒரே ஒரு தடவ பாருப்பா.”

அவர் திரும்பி என் தோளைப் பார்த்தார்.

அப்போது அந்த அதிகாரி ஒரு காரியம் செய்தார். அதற்காக அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒண்ணும் பிரச்சினை இல்ல, இந்தக் காகிதத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதிக்கலாம். நாலாவதையே எடுத்துக்கட்டும்” என்றார். கையைக்கூடக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டார்.

அப்பா பதறிப்போனார். “வேணாம் சார், வேணாம். நம்பர் போட்ட காயிதம். கிழிச்சா நாளைக்கு ஆடிட்டுல உங்களத்தான் கேப்பாங்க. எங்களால உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது. மாத்தணும்னா மொறையா மனு குடுத்து மாத்திக்கலாம், இன்னா ஒரு மூணு மாசம் ஆவும்.” என் பக்கம் திரும்பி, “எடுத்துக்கம்மா. நல்ல சரக்கு” என்றார்.

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் என் அப்பா செத்துப்போனால் தேவலாம் என்று நினைத்தேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

பள்ளி திறந்த அன்று காலை அந்தத் தேன் நிறக் கண்ணைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். மதர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். வாசலில் நின்ற ஒரு குழந்தையைக் கூப்பிட்டு என் எதிரில் நிறுத்தினார். ஐந்து வயதிருக்கும். அது அழவில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணைப் பார்த்தது, இன்னொரு பக்கம் சாய்த்து மற்றக் கண்ணைப் பார்த்தது.

“இது யாரு கண்ணு, மதர்?” என்று கேட்டது.

மதர் பெருமூச்சு விட்டார். “முன்னாடியே தேவலாம் போல இருக்கு” என்றார். அடுத்த அறையில் வேறொரு பெண் ஏற்கெனவே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வரமாட்டேன் என்ற நினைப்பில் முன்கூட்டியே ஆள் வைத்துவிட்டார்கள் போலும். கிளம்பும்போது மதர் என் கையில் ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தார். யாரோ ஒரு புனிதை தட்டில் இரண்டு கண்களை ஏந்திக்கொண்டு நின்றாள். அவளைக் கும்பிட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகும் என்றார். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை, ஆனாலும் மறுக்கவில்லை. அந்தத் தட்டில் இருந்த கண்களாவது ஜோடியாக இருந்தன.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. ரெட்டியார்பாளையத்து மூன்று பிள்ளைகளும் என் கண்ணைப் பார்த்து ஒளிந்துகொண்டன. ஒரு வாரத்தில் என் புருஷன், “அந்தக் கோலிகுண்டக் கழட்டி வெச்சிடு, பிள்ளைங்க மெரளுது” என்றார். கழற்றி மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்தேன். அவர் என்னை அடித்ததில்லை. குடம் தூக்குகிறேனா என்று பார்த்தார், தூக்கினேன், அதற்குமேல் என்னைப் பற்றி அவர் எதுவும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அடுத்த வருஷம் அப்பா வந்திருந்தபோது, பறிமுதல் சரக்கெல்லாம் ஏலத்தில் போய்விட்டது என்றும், என் ஃபைலை மூடிவிட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு பிழைகூட இல்லாமல் மூடிய ஃபைல் என்று சொல்லிச் சிரித்தார். யார் ஏலத்தில் எடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்யாணமான நாலாம் வருஷம் என் புருஷன் விழுப்புரம் சாலையை ஒட்டிப் புது வீடு கட்டினார். சுவர் எழும்பியதும் கண் திருஷ்டி படாமலிருக்க ஒரு பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார். அவருடைய பழைய சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, கடைத்தெருவில் ஒரு பொம்மைக்காரனிடம் வாங்கி வந்த மண்தலையை அதன்மேல் வைத்தார். பூதத்தின் முகம், நாக்கு வெளியே. கொத்தனார்களுக்குச் சோறு கொண்டுபோன நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

இடது கண் என்னைப் பார்த்தது. கிட்டத்தட்டக் கறுப்பு, நடுவில் காப்பி நிற வளையம், வெள்ளையில் கொஞ்சம் கலைந்த சிவப்பு நரம்புக் கோடு. வலது கண்ணில் ஒரு குமிழி. பொம்மைக்கு வைக்கிற கண்ணாக இருக்குமோ என்று மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்களே, கடைசியில் பொம்மைக்காரனுக்கே விற்றிருக்கிறார்கள்.

என் கண்ணை எனக்குத் தெரியாதா? ஆறு மாதம் அதன் கீழே நடந்தேன். வெயிலும் மழையும் அதன்மேல் விழுந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இறக்கிக் கொடு என்று என் புருஷனிடம் கேட்க முடியுமா? ஊர்த் திருஷ்டி முழுவதையும் வாங்கிக்கொண்ட பொம்மையின் துரும்புகூட வீட்டுக்குள் வரக்கூடாது. முச்சந்தியில் வைத்துக் கொளுத்திவிட வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் அதை இறக்கி என்னிடம்தான் கொடுத்தார், கொளுத்திவிட்டு வா என்று. கொளுத்தினேன். அதற்கு முன்னால், அரக்கு வைத்து ஒட்டியிருந்த இடது கண்ணைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வெந்நீரில் போட்டுக் கழுவினேன். கிரகப்பிரவேசத்தன்று காலை குளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் அதைப் போட்டுப் பார்த்தேன். பொருந்தியது. இரண்டு கண்ணும் ஒரே ஆளுடைய கண்கள். பதினாலு வருஷம் கழித்து என் முகத்தை நான் பார்த்தேன். நான் அழகாகத்தான் இருந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

வெளியே வந்தேன். என் புருஷன் தேங்காய் எங்கே என்று கேட்டார், வேறொன்றும் கவனிக்கவில்லை. அம்மா சமையல்கட்டில் இருந்தாள். அப்பா அப்போதுதான் பழத்தட்டோடு படியேறி வந்தார். நான் நேராக அவர் எதிரில் போய் நின்றேன். தட்டை வாங்கிக்கொள்ளவில்லை, நகரவும் இல்லை. அவர் என் தோளைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு எதுவோ அவர் பார்வையை இழுத்தது. நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

ஒன்பது வயதுக்கு அப்புறம் முதல்முறையாக என் அப்பா என் முகத்தைப் பார்த்தார். ‘எவ்வளவு அழகா இருக்கேம்மா’ என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்காக அவர் செய்தது எல்லாவற்றையும் மன்னித்துவிட நான் தயாராக இருந்தேன். அவர் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறுகையால் என் மோவாயைப் பிடித்து, முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடது கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

“இது நாலாவது ஆச்சே” என்றார். “பறிமுதல் சரக்கு. ஒங்கிட்ட எப்பிடி வந்துச்சு? ஏலத்துல எடுத்த ரசீது இருக்குதா?”

“இல்லப்பா.”

“ரசீது இல்லாம போட்டுக்காதம்மா” என்றார். மோவாயை விட்டுவிட்டு மறுபடியும் என் தோளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

பந்தியில் அவருக்கு நான்தான் பரிமாறினேன். அந்தக் கண்ணைக் கழற்றவில்லை. அவர் மோர் சாதம் முடிகிறவரை இலையை விட்டு நிமிரவில்லை.